சி வரிசை, முதல் இருக்கை

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது மே மாதத்தில், ஒரு புதன்கிழமை நண்பகல் பேஸ்பால் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில். அதற்குள் ஆறு ஆட்டங்களுக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்கு நடுவே இரண்டு காலி இருக்கைகள். ஒன்றில் அவருடைய பை இருக்கும். அந்த ஆறு ஆட்டங்களிலும் அவர் என்னைக் கவனிக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"யாருக்காக எழுதுறே?" என்றார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மடியிலிருந்த தாளைக் கையால் மறைத்தேன். கல்லூரியில் ஒரு பாடத்துக்காக என்றேன்.

"என்ன பாடம்?"

"புள்ளியியல்."

"அந்தப் பாடம் படிக்கிறவ ஆட்டத்தைப் பார்க்கணும். நீ நாற்காலியைப் பார்க்குறே."

அடுத்த பந்து வந்தது. மட்டைக்காரன் அதைத் தொடாமல் விட்டான். அவர் தன் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஓரத்துல சுருட்டி சுருட்டி எழுதியிருக்கியே, அது என்ன?"

தமிழ் என்றேன். வீட்டில் பேசும் மொழி, சின்ன வயதிலேயே எழுதவும் படித்தது.

"அப்போ உங்க அம்மா படிக்கத்தான் எழுதுறியா?"

இல்லை என்றேன்.

"சுத்தி இருக்கிற யாரும் படிக்கக் கூடாதுன்னு எழுதுறே. சரி, அது உன் இஷ்டம். பென்சில் எதுக்கு?"

தப்பாக எழுதினால் அழித்துக்கொள்ளலாமே என்றேன். அப்போதுதான் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியை வண்டின் சிறகு போல மேலே தூக்கினார்.

"தப்பா எழுதினதை அழிக்க யாரும் பென்சில் எடுக்கிறதில்ல. சரியா எழுதினதை அழிக்கத்தான் எடுக்கிறாங்க. முப்பத்தோரு வருஷம் பார்த்திருக்கேன்."

அதற்குப் பிறகு ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார். கிளம்பும்போது மட்டும், "நாளைக்கும் வருவேல்ல, பென்சில்?" என்றார். அது அழைப்பா எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த அம்மாள், ஆர்டிஸ் டாலஃப்சன், சந்தேகப்பட்டது சரி. கல்லூரிப் பாடம் எதுவும் கிடையாது. எங்கள் ஊர் அணியான 'நாரைகள்' அணியைப் புதிதாக வாங்கியவர்கள், அந்தக் கோடைக்கு என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். மைதானத்தில் மட்டையடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் நல்ல இருக்கைகள், பருவம் முழுவதுக்குமாக ஊர்க் கடைகளும் அலுவலகங்களும் வாங்கி வைத்தவை. வாங்கியவர்கள் வருவது அபூர்வம். அதனால் வெளிவேலிக்கு அந்தப் பக்கமுள்ள புல்மேட்டுக்கு டிக்கெட் வாங்கியவர்கள், மூன்றாவது இன்னிங்ஸ் வாக்கில் ஒவ்வொருவராக இறங்கிவந்து காலி இருக்கைகளில் அமர்ந்துகொள்வார்கள். யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை சிற்றணி ஆட்டத்தின் பாதி சுகம் அதுதான். பெரிய நகரத்து அணியின் மைதானத்தில் கனவிலும் கிடைக்காத இடம் இங்கே சும்மா கிடைக்கும். பந்து வீசும் பிட்சரின் விரல் பந்தின் தையலைப் பிடிப்பதுகூடத் தெரியும்.

புதியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எந்த இருக்கையில் அதற்குரிய டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், எதில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு ஒரு வரைபடத் தாளில் குறித்துத் தர வேண்டும். வாயிலில் பதிவான டிக்கெட்டுகளின் பட்டியல் எனக்கு உடனுக்குடன் வந்துவிடும். உரியவர் என்றால் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. ஆகஸ்டில் என் தாள்களைப் பார்த்து, குறி விழுந்த இருக்கைகளில் சோதனை தொடங்கும். டிக்கெட் இல்லாதவர்கள் புல்மேட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள் என்றார் மேலாளர் டெரிக் ஹாலன்பெக். எனக்கு அதிகம் பேசும் பழக்கமில்லாததால் அது சுலபம் என்று இருவருமே நினைத்தோம்.

ஆர்டிஸுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஊருக்குத் தெற்கே இருக்கும் பன்றி இறைச்சி ஆலையில் முப்பத்தோரு வருடம் அரசாங்கப் பரிசோதகராக இருந்தவர். கொக்கிகளில் வரிசையாகத் தொங்கி வரும் பன்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கழுத்துச் சுரப்பியை வெட்டிப் பார்த்து, நல்லதென்றால் ஊதா மையில் முத்திரை விழும். இல்லையென்றால் கழித்து ஒதுக்கும் தனிக் கொக்கிக்குப் போகும். மதியச் சாப்பாட்டுக்கு அவரோடு யாரும் உட்கார மாட்டார்களாம். அவரும் ஆலைக்காரர்கள் சும்மா நீட்டிய ஒரு கரண்டி கடுகுத் துவையலைக்கூடத் தொட்டதில்லை. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் ஏழாவது இருக்கையில் மனைவி மாரிசோலோடு உட்காரும் எஃப்ரேன் சொன்னார். அவர் இன்னும் அந்த ஆலையில் வேலை செய்கிறார். ஆர்டிஸை இப்போதும் "இன்ஸ்பெக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

ஓய்வு பெற்றபின் அவர் அந்தக் கண்ணை எங்கும் இறக்கி வைக்கவில்லை, மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மற்றவர்கள் ஓய்வாக இருக்க வரும் இடத்துக்கு அவர் சந்தேகப்பட வந்தார். அதில் அவருக்கு இருந்த ஆனந்தத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. பலகையில் பந்தின் வேகம் தொண்ணூற்றேழு என்று வந்தால், "தொண்ணூத்தஞ்சு" என்று முணுமுணுப்பார். எங்கள் அணிப் பையனுக்கு அந்த இயந்திரம் இரண்டு மைல் கூட்டிக் காட்டுகிறது என்பது அவர் கட்சி. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் ஹாம், பேக்கன், சாசேஜ் என்று பன்றிக்கறி வகைகளின் பெயரில் மூன்று பேர் பன்றி வேஷம் போட்டு ஓடும் பந்தயத்தைக்கூட விடவில்லை. அதற்கென்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. சாசேஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்றதே இல்லை என்று எனக்குக் காட்டினார். அவர் ஸ்கோர் எழுதியது பேனாவால், ஊதா மை. ஒரு கோட்டைக்கூட அடித்து எழுதிப் பார்த்ததில்லை.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மைதானம் முழுவதும் எழுந்து நின்று பாடும் வழக்கம் உண்டு. ஆர்டிஸும் எழுந்து நிற்பார், பாட மாட்டார். எல்லோரும் நிற்கும்போதுதான் தலைகளை எண்ணச் சௌகரியம். பாட்டு முடிவதற்குள் உதடு அசையாமல் எண்ணி முடித்துவிடுவார். எட்டாவது இன்னிங்ஸில் ஒலிபெருக்கி, இன்றைய வருகை இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று என்று நன்றி சொல்லும். விற்ற டிக்கெட்டின் கணக்கு அது; வந்தவர்களின் கணக்கு அல்ல. ஊருக்கே தெரியும், ஆனால் சொல்வது ஆர்டிஸ் ஒருவர்தான்.

"ஆயிரத்து நூத்தி ஆறு" என்பார். "பன்னி வேஷக்காரங்க மூணு பேரையும் சேர்த்து."

"என்னை ரெண்டு ஆளா எண்ணியிருப்பாங்க, இன்ஸ்பெக்டரம்மா" என்பார் எஃப்ரேன், ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிதான பன்றிக்கறி வறுவலை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"உன்னை மூணா எண்ணினாலும் அவங்க கணக்கு வராது."

ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் ஆற்றோரத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் போகும். ஓட்டுநர் இரண்டு முறை ஊதுவார். கூட்டம் கைதட்டும். ஆர்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வேர்க்கடலையை உடைத்து ஓட்டைக் காலடியில் போடுவார், பருப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அந்தக் கோடையில் நான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் மகிழ்ச்சியாக இருந்தவர் அவர்தான்.

அதனால்தான் சி வரிசை முதல் இருக்கை என்னைக் குழப்பியது. ஆர்டிஸின் இருக்கை அது. வாயிலில் பதிவான பட்டியலில் அந்த எண் ஒரு நாளும் பதிவாகவில்லை. இயந்திரக் கோளாறு என்று முதலில் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து முழுப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். முதல் இருக்கையும், அவர் பை வைக்கும் இரண்டாவது இருக்கையும் லிண்ட்க்விஸ்ட் தீவனக் கடையின் பெயரில் இருந்தன. ஆர்டிஸ் டாலஃப்சன் என்ற பெயர் வேறொரு பக்கத்தில் இருந்தது. பருவம் முழுவதுக்கும் ஒரு டிக்கெட், புல்மேடு.

ஊரையே சந்தேகப்படும் அம்மாள், தனக்கு உரிமையில்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பெருக்கல் குறி போட்டேன். பழைய தாள்களிலும் சேர்த்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டேன். அதன்பிறகு நானும் அவரைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். யாராவது படியில் இறங்கிவந்தால் அவர் தலை திரும்பும் வேகம், கோட்டின் வலது பையை அவ்வப்போது தொட்டுப் பார்க்கும் பழக்கம். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஒரு ஆட்டம் முழுவதையும் கோட்டைவிட்டிருக்கிறேன்.

ஜூன் மாதத்தில் அவர் எனக்கு ஒரு பொறி வைத்தார். டி வரிசையில் ஒன்பதாவது ஆசாமி, வெயில் பூச்சுக் குழாயில் விஸ்கி நிரப்பிக் கொண்டுவருகிறார் என்று காதோடு சொன்னார். நான் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த ஆளை யாரும் வந்து கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆர்டிஸ் பையை இரண்டாவது இருக்கையிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தாளு குழாய்ல இருக்கிறது வெயில் பூச்சுதான். நீ போய்ச் சொல்றியான்னு பார்த்தேன்."

"சொல்லலையே."

"ஆமா. ஒண்ணு, நீ ஆபீஸ் ஆளு இல்ல. இல்லேன்னா, கெட்டிக்கார ஆபீஸ் ஆளு." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவதுதான்னு நெனைக்கிறேன்."

ஆனால் பை மறுபடியும் எங்களுக்கு நடுவில் வரவில்லை.

ஜூலையில் ஒரு நாள் மழை வந்து ஆட்டம் நின்றது. மைதானத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார்கள். எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கினோம். எங்கள் பகுதிக்கு இடம் காட்டுபவர் லைல் ப்ராக்வே. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது கையில் எப்போதும் ஒரு கம்பளி உறை மாட்டியிருப்பார். டிக்கெட்டைக் காட்டினால் முன்னே நடந்து போய், அந்த உறையால் நாற்காலியை இரண்டு வீச்சில் துடைத்து, கையை நீட்டிக் காட்டுவார். எங்கள் ஊரில் அப்படித் துடைத்துக் கொடுத்த நாற்காலியில் உட்காராமல் போவது முகத்தில் அடிப்பது போல. ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பது போல, சி வரிசை முதல் இருக்கை யாருடையது என்று அவரிடம் கேட்டேன்.

"ஆர்டிஸோடது. லிண்ட்க்விஸ்ட் வீட்டு அம்மாவாச்சே அது."

"அவங்க பேரு டாலஃப்சன்."

"அப்போ கட்டிக் கொடுத்த இடம் டாலஃப்சனா இருக்கும்." உறையைப் பிழிந்தார். "முதல் நாள் நான்தான் துடைச்சு உட்கார வெச்சேன். ஏதோ கேக்க வந்தாங்க, நான் துடைச்சேன், உட்கார்ந்தாங்க. தன் இடம் இல்லேன்னா சொல்லியிருக்க மாட்டாங்களா? ஆர்டிஸ் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்னு இந்த ஊர்ல ஏதாவது இருக்கா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ ஏம்மா கேக்குறே?" என்றார்.

சும்மா என்றேன். அன்றிலிருந்து லைலும் என் தாளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை டெரிக் கூப்பிட்டனுப்பினார். திங்கட்கிழமை காலை எல்லாத் தாள்களும் அவர் மேசைக்கு வர வேண்டும். அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து சோதனை. ஏதாவது தொந்தரவான ஆட்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சி வரிசையில் ஒரு அம்மாள் வருகைக் கணக்கைக் கேலி செய்வதாகக் கேள்விப்பட்டேனே என்றார். அதையும் நான் கவனிக்கவில்லை என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் முப்பத்தெட்டுத் தாள்களையும் பரப்பினேன். புல்மேட்டிலிருந்து மட்டையடிப்பவர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். பந்து சரியான எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா இல்லையா என்று அங்கிருந்து கடவுளாலும் சொல்ல முடியாது. ஆர்டிஸுக்கு இடுப்பெலும்பு மாற்றி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சரிவான புல்லில் அவரால் உட்கார முடியாது. அந்த நாற்காலி போனால் ஊதா மைப் புத்தகமும் போனது என்று அர்த்தம். சி வரிசை முதல் கட்டத்தில் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழித்து வட்டம் போட்டேன். முப்பத்தெட்டு வட்டங்கள். அதே வரிசையில் எஃப்ரேனுக்கும் மாரிசோலுக்கும் விழுந்திருந்த குறிகளைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு, இரண்டு மணி ஆட்டம். திங்கட்கிழமை கொடுப்பதற்காகத் தாள்கள் எல்லாம் ஒரு கோப்பில் என்னிடமே இருந்தன. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து சாசேஜ் வழக்கம்போல ஜெயித்தது. வெயில் தாங்காமல் எலுமிச்சைச் சாறு வாங்கப் போனேன், கோப்பை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு. வரிசை நீளம். நான் திரும்பும்போது ரயில் போய்க்கொண்டிருந்தது.

கோப்பு போட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் ஆர்டிஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பார்த்துட்டேன்" என்றார். "நான் பார்க்கணும்னுதான் நீ விட்டுட்டுப் போனியோன்னு சந்தேகம் வந்துச்சு. அதனால ரெண்டு தடவை பார்த்தேன்."

உட்கார்ந்தேன். கையிலிருந்த தம்ளர்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்று அவருக்காக வாங்கியது.

"வட்டம்னா சரக்கு நல்லது. பெருக்கல்னா தனிக் கொக்கி. அவ்வளவுதானே?"

ஆமாம் என்றேன்.

"என் கட்டத்துல வட்டம் இருக்கு. வட்டத்துக்கடியில தாள் சொரசொரன்னு இருக்கு. எல்லாத் தாள்லயும் அந்த ஒரு கட்டம் மட்டும். முதல் நாளே சொன்னேன் உங்கிட்ட, பென்சில் எதுக்குன்னு."

நீங்கள் அந்தப் புல்லில் உட்கார முடியாது, அதனால்தான் என்றேன்.

"எஃப்ரேன் உட்காருவானா? காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு எட்டு மணி நேரம் நின்னுட்டு இங்க வந்து கால் நீட்டுறான். அவன் பொண்டாட்டி கட்டத்துலயும் பெருக்கல் இருக்கு. அவங்களுக்குத் தனிக் கொக்கி, எனக்கு மட்டும் முத்திரையா?"

எஃப்ரேன் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். நாங்கள் இருவரும் பதிலுக்குக் கையாட்டினோம்.

அவர் கோட்டின் வலது பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். அந்தப் பருவத்துப் புல்மேட்டு டிக்கெட். ஓரங்கள் வியர்வையில் மென்மையாகியிருந்தன.

நான் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை, அவரே சொன்னார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், வேலையில் இருந்த காலத்தில், புல்மேட்டு டிக்கெட்டோடு வந்து, கழிப்பறை எங்கே என்று லைலிடம் கேட்கப் போயிருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் லைல் முன்னே நடந்து, நாற்காலியைத் துடைத்து, கையை நீட்டிவிட்டார். துடைத்த நாற்காலியை எப்படி வேண்டாம் என்பது? உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது, தப்பு தெரிந்திருக்கும், இன்று கேட்பான் என்று எதிர்பார்த்தார். லைல் மறுபடியும் துடைத்தார்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதைப் பையில வெச்சிருக்கேன்" என்றார். "கேட்டா காட்டிட்டு எந்திரிச்சுப் போகணும்னு. ஒருத்தனும் கேக்கல. உலகத்துல யாருமே சரியா பரிசோதிக்கிறதில்ல, பென்சில். எனக்குத் தெரியும், என்னையே பரிசோதிக்கலையே."

தீவனக் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்களே, அவர்கள் வருவதே இல்லையே என்றேன். சும்மா வருவதை வாங்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றார். பிறகு, இருபத்திரண்டு வருடமாக வாங்கிக்கொண்டுதானே இருந்திருக்கிறேன் என்பது போல் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆட்டத்தில் படிக்கட்டின் தலைப்பில் கயிறு கட்டி, லைலைக் கையில் டிக்கெட் சோதிக்கும் கருவியோடு நிறுத்தினார்கள். ஆர்டிஸ் அந்தப் பக்கமே வரவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகப் புல்மேட்டுக்குப் போனார். எஃப்ரேன் அதன் கால்களுக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டுகள் வைத்து மட்டமாக்கிக் கொடுத்தார். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் லைல் கயிற்றை விட்டுவிட்டு, மைதானத்தைப் பாதி சுற்றி நடந்து வந்து, அந்த மடக்கு நாற்காலியை உறையால் துடைக்க நின்றார்.

"எதுக்குய்யா துடைக்கிறே?" என்றார் ஆர்டிஸ். "மறுபடியும் எதுல மாட்டிவிடப் போறே?"

ஆனாலும் எழுந்து துடைக்க விட்டார். ஸ்கோர் புத்தகம் பையை விட்டு வரவில்லை. பார்க்காததை எழுத முடியாது என்றார். தலை எண்ணுவது நிற்கவில்லை. புல்மேட்டிலிருந்து கூட்டத்தின் முகங்கள் இன்னும் நன்றாகத் தெரிகின்றன, வருகைக் கணக்கு தான் நினைத்ததைவிடப் பெரிய பொய் என்றார். சி வரிசை முதல் இரண்டு இருக்கைகளும் பருவம் முடியும்வரை காலியாகவே கிடந்தன. நான் அந்த வேலையை விட்டுவிட்டு, என் காசில் புல்மேட்டுக்கு டிக்கெட் வாங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இது யாருடைய யோசனை என்று கேட்டார். இன்றுவரை என் பதிலை நம்பவில்லை.

அந்த ஞாயிறு ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து பாடினார்கள். ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை; நான் பார்த்தவரை அன்று ஒருநாள்தான் அவர் எண்ணவில்லை. சுற்றிலும் நின்றவர்களின் கால்களுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் குனிந்து கோப்பை எடுத்து, முப்பத்தெட்டுத் தாள்களையும் என் மடியில் வைத்தார். என் விரல்களிலிருந்து பென்சிலை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்கோர் புத்தகத்தில் செருகியிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

"என் கட்டத்துல சரியானதை எழுது" என்றார். "நான் பார்க்க எழுது. இதால எழுது."